காலிக்கூடு கேட்டு வந்தவர்

வேலையைத் தொடங்கும் முன்னால் என்னை உட்காரவைத்து ஒரு காகிதத்தைப் படிக்கச் சொன்ன வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

ராஜபாளையத்தில் தென்காசி சாலையை ஒட்டி எனக்கு ஒரு லேத் பட்டறை. நூற்பாலைகளுக்குச் சின்னச் சின்ன உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுப்பது தொழில். ஒருநாள் காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வயர்கூடையோடு உள்ளே வந்தார். கைத்தறிச் சேலை, எண்ணெய் வைத்து இறுக்கிப் போட்ட கொண்டை. சீட்டுக்கு ஆள் சேர்க்க வந்தவர் என்று நினைத்தேன். அவர் கூடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார்.

"மொதல்ல இதப் படிங்க தம்பி. பொறவு பேசுவோம்."

அது அவருடைய உரிமத்தின் நகல். ஸ்ரீவில்லிபுத்தூரில் துப்பாக்கி பழுதுபார்க்கவும், தோட்டா நிரப்பவும், நிரப்பியதைச் சுட்டுப் பார்க்கவும் அரசாங்கம் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தது. கடை அவருடைய அப்பா வைத்தது. நான் இரண்டு பக்கத்தையும் படித்து முடிக்கும்வரை நின்றபடியே இருந்தார். பிறகு கூடையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் வரிசைக்கு ஆறாக மூன்று வரிசை ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைக் கூடு நின்றது. தோட்டாவின் வெளி உடம்பு அதுதான். வெடிமருந்தும் ஈயமும் போன பிறகு கையில் மிஞ்சுவது.

"இத குட்டையா வெட்டணும். அடி விளிம்பையும் ஒரு முடி கனம் கொறைக்கணும்" என்றார்.

விஷயம் இதுதான். இந்தப் பக்கம் சில குடும்பங்களில் தாத்தா, பூட்டன் காலத்து வெள்ளைக்காரத் துப்பாக்கிகள், சுழல் உருளை வைத்த பழைய ரிவால்வர்கள், உரிமத்தோடு இருந்தன. அந்த அளவுத் தோட்டாவை இப்போது யாரும் செய்வதில்லை. கொஞ்சம் நீளமான வேறொரு கூட்டை எடுத்து வெட்டிக் குட்டையாக்கினால் அந்தப் பழசில் பொருந்தும். அப்பா காலத்தில் அரத்தால் ராவிச் செய்த வேலை. இவர் கேட்ட துல்லியம் அரத்துக்கு அடங்காது. லேத் தேடி என்னிடம் வந்திருந்தார்.

வெட்டிக் கொடுத்தேன். பதினெட்டுக் கூடுகளையும் அளவுக் கருவியால் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கட்டையில் நட்டுக்கொண்டார். போய்விடுவார் என்று பார்த்தால் குனிந்து தரையைப் பார்த்தார்.

"வளையம் எங்க தம்பி?"

"எந்த வளையம்?"

"வெட்டி விழுந்த வளையம். பதினெட்டு இருக்கணும்லா."

மோதிரம் மாதிரி மெல்லிய பித்தளைத் துண்டுகள். அவற்றை இரும்புத் தூளோடு சேர்த்துக் கூட்டி ஒதுக்கியிருந்தேன். அவர் கூடையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து விரித்து, அந்தக் குப்பையை அதில் கொட்டி, உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார். பதினேழு கிடைத்தது. மில்லுக்குக் கொடுக்க வேண்டிய வேலை எனக்குக் காத்துக் கிடந்தது. ஒரு துண்டுப் பித்தளைக்கு இந்தப் பாடா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே நானும் தேடினேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பதினெட்டாவது, என் செருப்பின் அடியில் குத்தி ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீகளா, நீங்களே தூக்கிட்டு அலைஞ்சிருக்கீக" என்றார். சிரிக்கவில்லை. குற்றம் சொல்லவும் இல்லை. அடுத்த முறை வந்தபோது நான் லேத்துக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருந்தேன்.

போனது திரும்பி வர வேண்டும். அவரை அறிந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி முதலில் சொல்வது இதைத்தான். அவர் நிரப்பிக் கொடுத்த தோட்டாக்களைச் சுட்ட பிறகு காலிக்கூடுகளைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால்தான் அடுத்தது கிடைக்கும். ஆறு வாங்கியவர் ஆறு கொடுக்க வேண்டும். ஐந்தைக் கொடுத்துவிட்டு ஐந்து கேட்டாலும் நடக்காது. ஒவ்வொரு கூட்டின் அடியிலும் அரத்தால் நூலளவு ஒரு கீறல் போட்டுவைப்பார். எத்தனையாவது, யாருக்குப் போனது என்று அதைப் பார்த்தே சொல்வார்.

மம்சாபுரம் பக்கம் ஒரு மாந்தோப்புக்காரர் இருந்தார். பன்றி விரட்ட வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர். ஒருமுறை அவர் ஆறு கூட்டைக் கொண்டுவந்து போட்டபோது நானும் கடையில் இருந்தேன். அதற்குள் நான் அவரை அக்கா என்று கூப்பிடப் பழகியிருந்தேன். அக்கா ஒன்றை மட்டும் விரலால் தள்ளி ஒதுக்கினார்.

"இது என்னுது இல்ல."

"பித்தளைதானேம்மா. கணக்குக்கு ஆறு வந்துடுச்சில்ல?"

"ஆறு வந்துச்சு. என்னோடது அஞ்சுதான் வந்திருக்கு."

தோப்புக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க தாத்தாவுக்குத் தோட்டா குடுத்தவரு ஒங்க அப்பா. அவரு இப்படியெல்லாம் கேட்டதில்ல."

"எங்க அப்பா கேக்காம விட்டதாலதான் நான் கேக்கேன்" என்றார் அக்கா.

அன்று அதை ஒரு சாமர்த்தியமான பதில் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தோப்புக்காரர் மூன்று நாள் ஆள்விட்டு மரத்தடியெல்லாம் சருகைக் கிளறி அந்த ஆறாவதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். அக்கா அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் பார்த்துவிட்டு, "இருங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். கோபமெல்லாம் அவருக்குக் கிடையாது.

தோட்டா நிரப்பும் அறைக்குள் நான் போனதே இல்லை. கதவு ஓரத்தில் நின்று ஒருமுறை பார்த்தேன். நகைக்கடைத் தராசு போல ஒன்று. மருந்தை நிறுக்கும்போது காற்றாடியை நிறுத்திவிடுவார். வியர்வை சொட்டச் சொட்ட ஒன்றை நிறுத்து, கொட்டி, மறுபடி நிறுப்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். வெளியே வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "சொல்லுங்க தம்பி, என்ன விசேஷம்?" என்று கேட்கிறபோது வேறு ஆளாக இருப்பார்.

இந்தத் திரும்பி வரும் கணக்கைத் துப்பாக்கியோடு நிறுத்திக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வேனில் அய்யனார் கோவிலுக்குப் போனார். என் மனைவியும் போயிருந்தாள். சாமி கும்பிட்டு, அருவியில் குளித்து, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறியிருக்கிறார்கள். அக்கா எண்ணியிருக்கிறார். ஒரு ஆள் குறைந்தது. அந்தப் பெண் வேறொரு வண்டியில் வந்த சொந்தக்காரர்களோடு போயிருப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான். அக்கா எட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

"போனேன்னு அவ வாயால சொன்னாளா? சொல்லலேல்ல? அப்ப இங்கதான் இருக்கா."

அந்தப் பெண் ஓடைக்கு அந்தப் பக்கம் பாறை மறைவில் கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்ட சத்தம் அருவி இரைச்சலில் கேட்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து அவளைத் தூக்கி இக்கரைக்குக் கொண்டுவந்த கொஞ்ச நேரத்தில் மேலே மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கி, அவள் இருந்த பாறையை மூடிவிட்டது. என் மனைவி வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். "வீடு வந்து சேருத வரைக்கும் அக்கா அந்தப் பிள்ள கையப் புடிச்சவங்க விடவே இல்ல" என்றாள்.

அதற்கு அடுத்த வருஷம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ராஜபாளையத்தில் ஒரு பெரிய மில்லில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். மேனேஜர் ஐயா என்றுதான் ஊரில் சொல்வார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எழுபது தாண்டியவர். பையன் வெளிநாட்டில். அவரிடம் தாத்தா வழி வந்த ஒரு ரிவால்வர் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை, மலையடிவாரத்தில் ரைபிள் கிளப்பின் மைதானத்துக்குப் போய் ஆறு தோட்டா சுட்டுவிட்டு வருவார். மறுநாளே ஆறு கூட்டையும் ஒரு காகித உறையில் போட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவார். அக்காவுக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர் அவர்தான்.

அந்த வருஷம் அவர் மனைவி இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து வழக்கம்போல ஆறு தோட்டா வாங்கிப் போனார். பத்து நாள் கழித்து ஐந்து கூடு வந்தது. ஒன்று புல்லில் விழுந்துவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அக்கா அடுத்த பேருந்தைப் பிடித்து என் பட்டறைக்கு வந்துவிட்டார். "தம்பி, வண்டிய எடுங்க. கிளப்பு மைதானத்துக்குப் போகணும்."

அங்கே அவர் புல்லைக் கிளறவில்லை. நேராகக் காவல்காரரிடம் போனார்.

"ஐயா அன்னைக்கு எத்தன சுட்டாக அண்ணாச்சி?"

காவல்காரர் யோசித்தார். "அஞ்சும்மா. ஏன்யா ஒண்ணு கொறையுதேன்னு நான்கூடக் கேட்டேன். கை வலிக்குதுன்னு சொல்லிட்டுப் போனாக."

அக்கா என் வண்டிப் பக்கம் நடந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தொலைந்தது காலிக்கூடு அல்ல. முழுத் தோட்டா ஒன்று, தனியாக இருக்கும் ஒரு மனுஷர் வீட்டில் இருக்கிறது. பக்கத்திலேயே அதைப் போட்டுச் சுட ரிவால்வரும் இருக்கிறது.

"போலீசுல சொல்லிருவோம்க்கா" என்றேன்.

"சொல்லலாம். மொதல்ல வீட்டுக்கு விடுங்க."

மேனேஜர் ஐயா கதவைத் திறந்தபோது சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தார். அக்கா வாசலிலேயே நின்று, சாதாரணமாகப் பேசினார்.

"வணக்கம் ஐயா. இந்தப் பக்கம் வந்தேன். போன தடவ உங்க ரிவால்வர்ல உருளை லேசா ஆடுச்சு. அப்படியே வச்சா கெட்டுப்போவும். குடுங்க, சரிபண்ணித் தாரேன்."

ஐயா அவரையே பார்த்தார். என்னையும் பார்த்தார். மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. அக்கா உள் கதவை ஒட்டிப் போய் நின்று, "ஐயா, கூட வரட்டுமா?" என்று குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு ஐயா துணி சுற்றிய ரிவால்வரோடு வந்தார். அக்கா அதைத் திறந்து பார்த்தார். ஆறு துளையும் காலி. ரசீது எழுதிக் கொடுத்து, ரிவால்வரைக் கூடையில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு கூடு ஐயா?"

"அதான் சொன்னேனேம்மா. விழுந்துருச்சு."

"சரிங்கய்யா. நாளைக்கு வாரேன்."

வெளியே வந்ததும் எனக்கு உயிர் வந்தது. "துப்பாக்கி நம்ம கையில வந்துட்டுல்ல. இனி அந்தத் தோட்டாவ வச்சு அவர் என்ன செய்ய முடியும்? விடுங்கக்கா" என்றேன்.

அக்கா வண்டியில் ஏறாமல் நின்றார். "துப்பாக்கி மட்டுந்தான் வந்திருக்கு தம்பி. அவிய எடுத்து வச்ச அந்த முடிவு உள்ளேயேதான் இருக்கு. துப்பாக்கி இல்லேன்னா வேற வழியா இல்ல?"

அன்று மாலையே பையனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அவன் பதறிப்போய், பகலில் வந்து போகிற சமையல்கார அம்மாளை இரவும் அங்கேயே தங்கச் சொன்னான். டிக்கெட் கிடைக்கப் பதினைந்து நாளாகும் என்றான். அந்த நாட்களில் தினமும் காலை ஒன்பது மணிப் பேருந்தில் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார். நான் கொண்டுபோய் விடுவேன். கடையைப் பாதி நாள் அடைத்துப்போட்டார்.

இரண்டாம் நாள் ஐயா கோபப்பட்டார். கோபத்தில் அவருக்குத் தெலுங்கு கலந்துவிடும். "ஏமம்மா, ஒரு துண்டுப் பித்தளைக்கு இத்தனை நடையா?"

"ஆமாய்யா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஐயா பேசவே இல்லை. அக்கா கொண்டுவந்த பூவைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐயாவின் மனைவி படத்துக்குப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். ஐந்தாம் நாள் எனக்கு வேலை குறைவு. நானும் உட்கார்ந்திருந்தேன். பேச்சே இல்லாத அந்த அறையில் அக்கா திடீரென்று ஆரம்பித்தார்.

"எங்க அப்பா ஒரு தடவ வன்னியம்பட்டிக்காரர் ஒருத்தருக்கு ஆறு குடுத்தாக. அவரு அஞ்சு கூடுதான் கொண்டுவந்தாரு. ஒண்ணுதானேன்னு அப்பா விட்டுட்டாக. நான்தான் நோட்டுல அஞ்சுன்னு எழுதுனேன். மறுநா விடியக்காலம் அவரு வீட்டுல அழுகைச் சத்தம். அப்பா அதுக்குப் பொறவு எட்டு வருசம் இருந்தாக. ஒரு தோட்டாகூட நெரப்பல."

ஐயா தலையைத் தூக்கவில்லை.

"நான் நெரப்புனதுய்யா அது. நிறுத்து நிறுத்துப் போட்டேன். ஒங்க கையில சுகமா சுடணும், பழைய இரும்பு நோகக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் போட்டேன். அது அந்தக் காரியத்துக்குப் போவக் கூடாதுய்யா."

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் ஐயா பேசினார். அக்கா பிறகு சொன்னதுதான் இது. அவர் மனைவி பதினோரு மாதம் படுக்கையில் இருந்திருக்கிறார். ஊட்டுவது, துடைப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் ஐயாதான். நர்ஸ் வைக்கச் சொன்னபோதுகூட ஒத்துக்கொள்ளவில்லை. "அவ போயிட்டா. காலையில அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடுதும்மா. எந்திரிச்சு உக்காருதேன். எனக்கு ஒரு வேலை இல்ல" என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு அழுதாராம். அக்கா எழுந்துபோய் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஒன்பதாம் நாள் நாங்கள் போனபோது மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி இருந்தது. கிழமைக்கு ஒரு அறையாக ஏழு அறை வைத்தது. மனைவிக்காக வாங்கியது. ஐயா ஞாயிற்றுக்கிழமை அறையைத் திறந்தார். தோட்டா அதில் படுத்திருந்தது.

"எடுத்துக்கோம்மா."

அக்கா எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நான் கேட்டது காலிக்கூடுய்யா. இது நெறஞ்சு இருக்கு. வாங்க, போவோம்."

அன்று மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் நாங்கள் மூன்று பேரும் காவல்காரரும் நின்றோம். அக்கா ரிவால்வரைக் கொண்டுவந்திருந்தார். ஐயா பழக்கத்தில் கையை நீட்டினார்.

"இல்லய்யா. நான் நெரப்புனத நானே சுடுதேன்."

அந்தச் சேலையோடு, கொண்டையோடு, அவர் மண்மேட்டைப் பார்த்து நின்ற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. சத்தம் மலையில் முட்டித் திரும்பியது. எங்கேயோ மயில்கள் கத்தின. அவர் ரிவால்வரைத் திறந்து உதறினார். சூடான கூடு உள்ளங்கையில் விழ, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி மாற்றிப் போட்டார். ஐயாவுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"சாலும்மா, சாலு" என்றார். தெலுங்கில் போதும் என்றுதான் அர்த்தம். அதை அவர் எதற்குச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பையன் வந்தான். டாக்டரிடம் கூட்டிப்போனான். ரிவால்வரை ஐயா முறைப்படி ஒப்படைத்து உரிமத்தையும் விட்டுவிட்டார். பையன் கூடவே வரச் சொல்லியும் போகவில்லை. அக்கா அவருக்கு ஒரு வேலை கண்டுபிடித்து வைத்திருந்தார். உரிமம் புதுப்பிக்க, அனுமதி கேட்க என்று அரசாங்கத்துக்கு எழுதும் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் அக்காவுக்குப் பெரிய தலைவலி. அதையெல்லாம் ஐயாவிடம் கொடுத்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள் அயர்ன் பண்ணின சட்டையோடு ஐயா ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறுவதை நான் பட்டறையிலிருந்தே பார்ப்பேன். கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை என்றாலும் முழுவதையும் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுவாராம். "அவியளோட நமக்குப் பெரிய ரோதனை தம்பி" என்று அக்கா என்னிடம் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான்கு வருஷம் அப்படி ஓடியது. ஐயா காலமானபோது அக்கா மதுரையில் மகள் வீட்டில் இருந்தார். கண்ணில் அறுவை முடிந்து, அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் காலையில் போன் செய்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அக்கா, நம்ம ஐயா தவறிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

"எப்படி?"

ஒரே வார்த்தை. அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. அவசரமாகச் சொன்னேன்: "தூக்கத்துலயேக்கா. நேத்து ராத்திரி பையன்கூடப் பேசியிருக்காக. காலையில சமையக்காரம்மா காப்பி கொண்டு போயிருக்காக, எந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டாரு. வயசுதான்னுட்டாரு."

"நெசமா?"

"நெசமாத்தாங்க்கா. நான் போய்ப் பாத்துட்டுத்தான் பேசுதேன். முகம் நல்லா இருந்துச்சு."

போனில் தெருச் சத்தம் கேட்டது, ஒரு ஆட்டோ போனது, யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிறகு அவர் அழுதார். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அந்த அழுகையை நான் கேட்டது அன்றுதான். துக்கத்தோடு, பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது அது. அவர் முடிக்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.